அத்தியாயம் 9: மலையிலிருந்து இறங்கி மீன்கூட்டம் பிடிப்பது

கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. பகாங்குக்கு நீண்ட கடற்கரையும் உண்டு. ஆனால் தானா ராத்தாவிலோ ரிங்லெட்டிலோ குடியிருப்பவருக்கு அந்தக் கடற்கரையால் பெரிய பயன் இல்லை. குவாந்தான் போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். நமக்குக் கிட்டிய கடல் மேற்கே, பக்கத்து மாநிலமான பேராக்கில் இருக்கிறது. கம்போங் ராஜா வழியாக சிம்பாங் பூலாய் இறங்கி, ஈப்போவைத் தாண்டி, ஸ்ரீ இஸ்கந்தார், சித்தியவான் என்று போனால் லுமுட். தானா ராத்தாவிலிருந்து மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாப்பா வழியும் உண்டு. விடியற்காலை இருட்டில், தூக்கக் கலக்கத்தோடு, அந்த வளைவுகளில் இறங்குவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கடல்மீன் என்றால் மோட்டார் சைக்கிள் பெட்டியில் வந்த கெம்போங்கும் சம்பலுக்குப் போட்ட நெத்திலியும்தான். தூண்டில் போட்டுப் பழகியவர்களும் ரிங்லெட் ஏரிக்கரையில் திலாப்பியாவுக்கு உட்கார்ந்து பழகியவர்கள். அந்தப் பழக்கம் கடலில் உதவாது. ஏரியில் இரையைப் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம். மீன் அங்கேயே குடியிருக்கிறது, இன்றில்லாவிட்டாலும் நாளை கடிக்கும். செலார், கெம்போங் போன்ற கூட்டமீன்கள் அப்படியில்லை. இரண்டு மணி நேரம் கடல் வெறுமையாகக் கிடக்கும். பிறகு கால் மணி நேரம் போட்ட முள்ளெல்லாம் மீனாக வரும், மறுபடி வெறுமை. அந்தக் கால் மணி நேரத்தில் நீங்கள் சிக்கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வெறுங்கையோடு மலையேற வேண்டியதுதான். இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கால் மணி நேரத்துக்கான ஏற்பாடுதான்.

எந்த ஞாயிறு?

விடுமுறை நாளை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, ஞாயிறு ஞாயிறுதான். ஆனால் எந்த ஞாயிறு என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். தூண்டில்காரர்கள் விலை உயர்ந்த ரீல் வாங்கச் செலவழிக்கும் யோசனையில் பாதியை ஓதக் கணக்கில் செலவழித்தால் போதும்.

மலாக்கா நீரிணையில் ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் பெருகும், இரண்டு முறை வற்றும். ஒரு பெருக்குக்கும் அடுத்த பெருக்குக்கும் நடுவே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். அதனால் பெருக்கு நேரம் நாளுக்கு 50 நிமிடம் பிந்திக்கொண்டே போகும். ஏழு நாளில் இந்தப் பிந்துதல் ஆறு மணி நேரத்தை ஒட்டி வரும். அதாவது, இந்த ஞாயிறு விடியும்போது கடல் நிரம்பி இருந்தால், அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் வற்றிக் கிடக்கும். அதற்கடுத்த ஞாயிறு மீண்டும் நிரம்பி இருக்கும். ஆகவே நல்ல ஞாயிறு ஒன்றைக் கண்டுவிட்டால் ஒன்று விட்டு ஒன்று குறித்துக்கொண்டே போகலாம். இந்தக் கணக்கு என்றென்றைக்கும் ஓடாது. ஒவ்வொரு இரண்டு வாரத்துக்கும் பெருக்கு அரை மணிக்குச் சற்று மேல் முந்தி வரும், நாலைந்து முறைக்குப் பிறகு வேளை தவறிவிடும். அப்போது ஓத அட்டவணையைத் திறந்து புதிதாகத் தொடங்குங்கள். கைபேசியில் லுமுட் ஓத அட்டவணை எளிதாகக் கிடைக்கும்.

தேட வேண்டியது இதுதான்: பெருக்கின் கடைசி இரண்டு மணி நேரமும் வற்றத் தொடங்கும் முதல் ஒரு மணி நேரமும் விடியலோடோ அந்தியோடோ சேர்ந்து வரும் நாள். நம் பக்கத்தில் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் உதிக்கிறது என்பது மலையிலிருந்து வருகிறவருக்கு வசதி. மூன்று மணிக்குக் கிளம்பினால் ஆறு மணிக்குத் தண்ணீர் ஓரம் நிற்கலாம்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் லுமுட்டில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையே இரண்டு மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கும், நீரோட்டமும் வேகமாக இருக்கும். தண்ணீர் ஓடினால் நெத்திலி, தம்பான் போன்ற பொடிமீன்கள் பாறை மூலைகளில் ஒதுங்கும், அவற்றைத் தின்னும் கூட்டம் பின்னாலேயே வரும். அஷ்டமியை ஒட்டி ஓட்டம் மந்தம், மீனும் மந்தம். ஆனால் ஓட்டம் மிகுந்தால் மேற்குக் கரையில் சேறு கிளம்பித் தண்ணீர் கலங்கும். அதனால் பௌர்ணமிக்கு மூன்று நான்கு நாள் கழித்து, ஓட்டம் சற்றுத் தணிந்து நீர் தெளியும் நாட்களே என் தேர்வு. மாசி மகத்தை ஒட்டி லுமுட்டுக்கு எதிரே உள்ள பங்கோர் தீவுக்குப் போக நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்குள்ள பத்திரகாளியம்மன் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் படகில் நிற்க இடம் கிடைக்காது. தூண்டில் கோலோடு போய் நான்கு பேரிடம் திட்டு வாங்குவதைவிடச் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்புவது மேல்.

மழை, காற்று: மேற்குக் கரையில் ஏப்ரல், மே தொடங்கி நவம்பர் வரை விடியலை ஒட்டி 'சுமாத்ரா' புயல்காற்று அடிக்கும். மேற்கே அடிவானத்தில் கரிய வளைவாக மேகம் எழுந்தால் கோலைச் சுருட்டுங்கள். கார்பன் கோல் மின்சாரம் கடத்தும். இடியோசை கேட்டபின் கோலை உயர்த்திப் பிடித்துப் பாறைமேல் நிற்பது தைரியத்தில் சேராது.

என்ன மீன்?

மேற்குக் கரையில் கரையிலிருந்தே கிடைக்கும் கூட்டமீன்களில் முதலிடம் செலாருக்கு. மஞ்சள் கோடு ஓடும் செலார் கூனிங் விரல் நீளத்திலிருந்து உள்ளங்கை நீளம் வரை வரும். பொரித்தால் இதற்கு ஈடு இல்லை. கெம்போங், தமிழ்நாட்டில் கானாங்கெளுத்தி என்றும் கும்பளா என்றும் சொல்வது, வாயைப் பிளந்தபடி நீந்தி நீரிலுள்ள நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும் மீன். பெரிய இரையைக் கண்டால் திரும்பிப் பார்க்காது. செஞ்சாரு (வங்கடை) பாறை மீன் இனத்திலேயே முரடன். வாலோரம் இருக்கும் கெட்டிச் செதில் வரிசை கத்திபோல் வெட்டும், வெறுங்கையால் வாலைப் பிடிக்காதீர்கள். முதுகைக் கீறிச் சம்பல் அடைத்துச் சுடும் மீன் இதுதான். தாலாங் என்பது வெள்ளித் தகடு மாதிரி நீண்ட மீன். முதுகிலும் வயிற்றடியிலும் உள்ள முட்கள் குத்தினால் கடுக்கும். ஊழி (அலு-அலு) சிறிதாக இருக்கும்போது கூட்டமாகவே திரியும். பற்களால் தங்கூசியைச் சீவிவிட்டுப் போய்விடும்.

மடவையும் கூட்டமீன்தான், ஆனால் அதன் வழி வேறு. ஆற்று வாயில் மேற்பரப்பில் உதடு தெரிய மேயும். அதற்கு ரொட்டி மாவும் தக்கையும் பொறுமையும் வேண்டும். உங்களுக்கு ஏரிப் பழக்கம்தான் பிடிக்கும் என்றால் மடவையோடு தொடங்குங்கள்.

அப்பொல்லோ

மலேசியத் தூண்டில்காரர்கள் 'அப்பொல்லோ' என்று அழைக்கும் முள்கோவையைப் பத்து ரிங்கிட்டுக்குள் எந்தத் தூண்டில் கடையிலும் வாங்கலாம். ஒரு தங்கூசியில் ஐந்தாறு சிறு முட்கள், ஒவ்வொன்றிலும் மீன்தோல் துண்டோ மினுக்கும் இழையோ. கீழே ஈயக்குண்டு. பொடிமீன் வரிசை ஒன்று போவதுபோல் கூட்டத்துக்குத் தெரியும். இரை எதுவும் வேண்டியதில்லை. கடி மந்தமாக இருந்தால் நக அளவு இறால் துண்டோ கணவாய்த் துண்டோ முள் நுனியில் செருகலாம்.

கோல் 8 அல்லது 9 அடி. ரீல் 2500 முதல் 4000 வரை எந்த அளவும் சரி. 15 பவுண்டு பின்னல் நரம்பு, அதன் முனையில் ஓர் ஆள் நீளத்துக்குக் கெட்டித் தங்கூசி, கிலி-கிலி (சுழல் வளையம்), அப்பொல்லோ, 30 கிராம் குண்டு. அலை அடிக்கும் திறந்த மணலில் மட்டும் 11, 12 அடிக் கோலும் 60 கிராமுக்கு மேற்பட்ட குண்டும் தேவைப்படும். லுமுட் பக்கம் அப்படிப்பட்ட அலை அபூர்வம். நீளக் கோலைக் காரில் ஏற்றி மலையிறக்கித் திரும்பவும் ஏற்றுவது வீண் வேலை.

போடுவது எளிது, ஆழம் பிடிப்பதுதான் வித்தை. குண்டு தண்ணீரில் விழுந்ததும் மனசுக்குள் எண்ணத் தொடங்குங்கள். முதல் வீச்சில் பத்துவரை எண்ணிவிட்டு இழுங்கள், அடுத்ததில் பதினைந்து, அடுத்ததில் தரை தொடும் வரை. கூட்டம் ஒரே ஆழத்தில் அடுக்காக நிற்கும். எந்த எண்ணில் கடி விழுந்ததோ அதே எண்ணை மறுபடி மறுபடி பிடியுங்கள். பக்கத்தில் நிற்பவர் மட்டும் நிரப்பிக்கொண்டிருக்கிறார், உங்களுக்கு ஒன்றும் இல்லை என்றால் காரணம் அவர் ராசியல்ல, அவர் எண்ணும் எண். கேட்டால் சொல்வார்கள். கூட்டமீன் பிடிப்பவர்கள் பொதுவாகக் கஞ்சர்கள் அல்லர்.

முதல் மீன் மாட்டியது கோல் நுனியில் படபடப்பாகத் தெரியும். அப்போது இழுக்காதீர்கள். நரம்பைத் தளரவிடாமல் ஐந்தாறு நொடி அப்படியே நில்லுங்கள். துடிக்கும் ஒன்றைக் கண்டு மற்றவை பாயும்; படபடப்பு கனமாகும், கோல் வளையும், அப்போது சீராகச் சுற்றுங்கள். வெட்டி இழுக்கக் கூடாது. செலாருக்கும் கெம்போங்குக்கும் வாயோரம் காகிதம் போல மெல்லியது, கிழிந்து போய்விடும். ரீலின் இறுக்கத்தைக் கையால் நரம்பை இழுத்தால் முனகிக்கொண்டு வரும் அளவுக்குத் தளர்த்தி வையுங்கள். ஊழி சுற்றும் இடமென்றால் இந்தக் காத்திருப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஆறு தலைகள்தான் மேலே வரும்.

மீனோடு வரும் அப்பொல்லோவைத் தரையில் போட்டால் சிக்கு நிச்சயம், அதுவும் சரியாக அந்தக் கால் மணி நேரத்தில். கோலைச் சாய்த்து ஊன்றி, குண்டு தொங்கி நரம்பு நேராக நிற்கும்படி வைத்து, ஒவ்வொன்றாகக் கழற்றி நேரே ஐஸ் பெட்டியில் போடுங்கள். மாற்று அப்பொல்லோ இரண்டு சட்டைப் பையில் இருக்கட்டும். சிக்கினால் வெட்டியெறிந்துவிட்டு அடுத்ததைக் கட்டுங்கள். வெட்டியதை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். பாறையில் விட்டுவந்த முள்கோவை ஆமைக்காலிலும் குழந்தைக்காலிலும்தான் போய் மாட்டும்.

குண்டுக்குப் பதிலாக 20 கிராம் உலோக ஜிக் கட்டலாம். சிறுசுகள் மேலே முள்ளில் மாட்ட, கீழே ஜிக்கைச் செஞ்சாரு அடிக்கும். ஊழிக்கும் தாலாங்குக்கும் அப்பொல்லோவைக் கழற்றி ஜிக்கைத் தனியாக, வேகமாகச் சுற்றுங்கள். ஊழிக்கு ஒரு சாண் நீளம் மெல்லிய கம்பி முன்னால் இருந்தால் நஷ்டம் குறையும்.

மணல், பாறை, விரிகுடா

தெலுக் பாத்தேக் லுமுட்டிலிருந்து சில கிலோமீட்டரில் உள்ள பிறை வடிவ விரிகுடா. குடும்பத்தோடு வருபவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. பிள்ளைகள் மணலில் விளையாட, நீங்கள் ஓரத்தில் நிற்கலாம். மணலின் நடுவில் நின்று வீசுபவர்களைத்தான் அதிகம் பார்க்கலாம், அங்கே குளிப்பவர்கள்தான் மாட்டுவார்கள். கூட்டம் திரும்பும் இடம் விரிகுடாவின் இரு கோடிகளிலும் உள்ள பாறை மூக்கு. நீரோட்டம் அந்த மூக்கைச் சுற்றி வரும்போது மூக்கின் பின்பக்கம் அமைதியான நீர் உண்டாகும். ஓடும் நீரும் அமைதி நீரும் சந்திக்கும் வரி மேற்பரப்பிலேயே கோடுபோலத் தெரியும், நுரையும் சருகும் அதில் ஒதுங்கும். அந்தக் கோட்டுக்குக் குறுக்கே வீசுங்கள். அங்கு முப்பது மீட்டர் வீச்சு போதும்.

திறந்த மணலில் வேறு கணக்கு. அலை உடையும் வெள்ளைப் பட்டைகளுக்கு நடுவே உடையாமல் கருமையாக ஓடும் பட்டை இருந்தால் அது பள்ளம். மீன் அதன் வழியாகத்தான் கரையோரம் நடமாடும். மேலே வெண்ணிறக் கடற்காகங்களும் ஆலாக்களும் ஒரே இடத்தில் குத்திக் குத்தி எழுந்தால் அடியில் கூட்டம் உண்டு. காற்றில்லாத நேரத்தில் நீர்ப்பரப்பில் ஒரு திட்டு மட்டும் தூறல் விழுவதுபோல் சிலிர்த்தாலும் அதே அர்த்தம். அந்தத் திட்டின் நடுவில் குண்டைப் போட்டால் கூட்டம் கலையும். அது போகும் திசை பார்த்து முன்னால் தள்ளிப் போடுங்கள். கரைவலைக்காரர்கள் காலங்காலமாக மேட்டில் ஒருவரை நிறுத்தி நீரின் நிறம் பார்ப்பதும் இதற்காகத்தான். கண்கூசாத கறுப்புக்கண்ணாடி ஒன்று போதும், நாமும் பார்க்கலாம்.

பங்கோர் தீவில் மேற்குப் பக்கம் தெலுக் நிப்பாவிலும் அதன் வடக்கே கோரல் பேயிலும் நீர் தெளிவு. எதிரே கியாம் தீவு நிற்பதால் இரண்டுக்கும் நடுவே ஓட்டம் விழும். கிழக்குப் பக்கம் மீனவர் படகுத்துறைகள். இரவில் விளக்கு எரியும் துறையடியில் நெத்திலி கூடும், அதைத் தேடிச் செலார் வரும், கணவாயும் வரும். நிலா இல்லாத இரவுகளில் விளக்கு வேலை செய்யும், பௌர்ணமியில் பயன் குறைவு. துறைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள், படகு கட்டும் இடத்தில் தூண்டில் நீட்டாதீர்கள். விடியலைப் பங்கோரில் பிடிக்க வேண்டுமானால் முதல் நாளே போய்த் தங்க வேண்டும். லுமுட் கடற்படைத் தளத்தை ஒட்டிய பகுதி தடை செய்யப்பட்டது, அந்தப் பக்கம் பார்க்கவே வேண்டாம்.

பாறையில் நிற்பவர்கள் முதலில் பத்து நிமிடம் தூண்டிலைத் தொடாமல் அலையைப் பாருங்கள். ஈரமாக இருக்கும் பாறை அலை வந்து போகும் பாறை. கறுத்துப் பாசி படர்ந்த இடத்தில் ரப்பர் செருப்பு வழுக்கும், விழுந்தால் சிப்பி கீறும். பெருகும் நீரில் வந்த வழி மூழ்கும், திரும்பும் வழியை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மணலில் இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள், திருக்கை விலகிவிடும். திருக்கையோ கெளிறோ குத்திவிட்டால், தோல் பொறுக்கும் அளவு சுடுநீரில் ஊறவைப்பது வலியைக் குறைக்கும், பிறகு மருத்துவமனைதான். தெலுக் பாத்தேக்கில் சொறிமீன் வரும் காலங்கள் உண்டு, ஒரு போத்தல் வினிகர் காரில் இருக்கட்டும். பேத்தை மாட்டினால் கழற்றி விட்டுவிடுங்கள், சமைக்கவே கூடாது.

கிழக்குக் கரைக்குத்தான் போவேன் என்பவர்களுக்கு ரிங்லெட்–சுங்கை கோயான் சாலை இருக்கிறது. குவாந்தான் தெலுக் செம்படாக்கின் பாறைகள் அழகானவை, நீரும் தெளிவு. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும், அந்த மாதங்களில் போகவே வேண்டாம். தியோமானுக்குத் தூண்டில் கொண்டு போகாதீர்கள். அது கடல் பூங்கா, கரையிலிருந்து இரண்டு கடல்மைல் தூரத்துக்குள் மீன் பிடிக்கத் தடை.

ஐஸ்

கரையில் இருப்பவர் மீனைப் பத்து நிமிடத்தில் சட்டியில் போட்டுவிடுவார். நமக்கு மூன்று மணி நேரப் பயணம் பாக்கி, அதுவும் ஈப்போ வெயிலைத் தாண்டி. கெம்போங், செலார், செஞ்சாரு எல்லாம் ஒரே வகைத் தொல்லை உடையவை: சூட்டில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். தின்றால் முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி. நாற்றம் அடிக்காத மீனிலும் இது இருக்கலாம். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் போகாது. புளியும் மிளகாயும் அதை மறைக்குமே தவிர நீக்காது. தின்னும்போது நாக்கில் மிளகு கடித்ததுபோல் சுருக்கென்றால் தட்டை ஒதுக்கிவிடுங்கள்.

தடுக்கும் வழி ஒன்றே, பிடித்த நிமிடத்திலிருந்து குளிர். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது குறைந்த அளவு. பெட்டியில் ஐஸைப் போட்டு, அது மூழ்காத அளவுக்குக் கடல்நீர் ஊற்றிக் கலக்குங்கள். அந்தக் கூழில் விழும் மீன் வெறும் ஐஸ் கட்டிமேல் கிடப்பதைவிட வேகமாகக் குளிரும். கிளம்பும்முன் செவுளையும் குடலையும் எடுத்து, பழைய நீரை வடித்து, புது ஐஸ் ஒரு வரிசை, மீன் ஒரு வரிசை என்று அடுக்குங்கள். ஈப்போவில் சாப்பிட நிறுத்தினால் மூடியைத் திறந்து ஐஸ் போதுமா என்று பாருங்கள். மலை ஏறியதும் காற்று குளிர்கிறதே என்று பெட்டியை வாசலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போகிறவர்கள் உண்டு. நமக்குக் குளிராகத் தெரியும் 18 டிகிரி மீனுக்கு வெயில்தான். நேரே குளிர்பெட்டிக்குப் போகட்டும்.

பெட்டி நிறைந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். லயத்தில் பங்கு வைத்துக் கொடுக்க ஆள் இருக்கும் அளவுக்கு மட்டும் பிடித்தால் போதும், விரல் அளவு மீனைத் திருப்பி விடுங்கள்.

முதல் பயணத்துக்குத் தெலுக் பாத்தேக்கே போதும். வடகோடிப் பாறை மூக்கு, ஒரு கோல், மூன்று அப்பொல்லோ, பெட்டி நிறைய ஐஸ். பங்கோரை இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.